திறந்த முடிவு வைக்கப் போகிறீர்களா? கொழும்பில் குறுந்தொடரும் சிறு கேமும் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கதையின் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடிப்பது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பதில் சொல்லும் முடிவை விட இதற்கு வேலை அதிகம், காகிதம் அதிகம், சில இடங்களில் செலவும் அதிகம். வெள்ளவத்தையில் நாலைந்து பேராகச் சேர்ந்து யூடியூபுக்கு ஒரு தமிழ்க் குறுந்தொடரும், அதே கதையை வைத்து வாசித்து விளையாடும் ஒரு சிறு கேமும் செய்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. அப்பா காலையில் புறக்கோட்டைக் கடைக்குப் போகிறார், திரும்பவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று கடைசிவரை சொல்வதில்லை. இந்த ஒரு முடிவைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படத் தேவையில்லை. வேலை நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. திறந்திருக்கப் போகும் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

வசனம் எழுதத் தொடங்க முன்னர் இதைச் செய்யுங்கள். ஒரு வரி, ஒரு கேள்வி. எங்களுடையது: "அப்பா தானாகப் போனாரா, அவருக்கு ஏதாவது நடந்ததா?" இதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கதைக்குள் பதில் இருக்க வேண்டும். கடன் யாருக்கு, மகள் ஏன் வேலையை விட்டாள், அம்மா எந்த நகையை அடகு வைத்தாள் என்பதெல்லாம் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

2013இல் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' கேமைப் பாருங்கள். அதன் நாயகன் ஜோல் ஆஸ்பத்திரியில் என்ன செய்தான் என்பது விளையாடியவருக்கு முழுதாகத் தெரியும், ஏனென்றால் அதை அவரே கையால் செய்து முடித்திருக்கிறார். அவனோடு வரும் சிறுமி எல்லியிடம் அதைப் பற்றி அவன் சொல்வது பொய் என்பதும் தெரியும். அவள் "ஓகே" என்கிறாள், கேம் முடிகிறது. அவள் நம்பினாளா என்ற ஒரு கேள்வி மட்டும்தான் மிச்சம். 2020இல் இரண்டாம் பாகம் வரும்வரை ஆட்கள் அந்த ஒரு சொல்லை வைத்து வாதாடினார்கள். சுற்றியிருந்தது அத்தனையும் உறுதியாக இருந்ததால்தான் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் வந்தது.

இரண்டு மூன்று கேள்விகளைத் திறந்து வைத்தால் பார்ப்பவர் எதையுமே பிடித்துக்கொள்ள மாட்டார். "இவர்களுக்கே தெரியாது போல" என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

2. உண்மைத்தாள் ஒன்று தயாரியுங்கள்

உங்கள் கையில் இருக்கப் போகும் ஆவணங்களில் இதுதான் முக்கியமானது. இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று நேரத்தோடு எழுதுங்கள். ஆம், எழுதுபவர் ஒரு பதிலைத் தீர்மானித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்களே தீர்மானிக்காமல் விட்டால் நாலாம் பகுதியில் ஒரு பக்கம் சாய்வீர்கள், ஆறாம் பகுதியில் மறுபக்கம் சாய்வீர்கள், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இரண்டாவது பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'அ' வாசிப்பு: தானாகப் போனார். வலப்பக்கம் 'ஆ' வாசிப்பு: ஏதோ நடந்தது. ஒவ்வொன்றின் கீழும் அதற்கான தடயங்களைப் பகுதி எண், காட்சி எண்ணோடு குறியுங்கள். லாச்சியில் பாஸ்போர்ட் இல்லை என்பது 'அ'. மூக்குக்கண்ணாடி மேசையிலேயே கிடக்கிறது என்பது 'ஆ'.

தடயங்களின் எண்ணிக்கை சமமாக இருப்பது போதாது, கனமும் சமமாக வேண்டும். கமரா நேரே காட்டும் பொருள், ஒருவர் வாயால் சொல்லும் செய்தியை விடப் பல மடங்கு கனமானது. 2017இல் முடிந்த 'த லெஃப்ட்ஓவர்ஸ்' தொடரின் கடைசியில் அதன் முக்கியப் பாத்திரமான நோரா, தான் எங்கே போய் வந்தாள் என்று உட்கார்ந்து சொல்கிறாள். அந்த இடத்தை நமக்கு ஒரு கணமும் காட்டவில்லை. ஒரேயொரு பிளாஷ்பேக் போட்டிருந்தாலும் கதை அங்கேயே பூட்டுப்பட்டிருக்கும். ஒரு தடயம் கனத்துவிட்டது என்று தோன்றினால் அதை நீக்காமல், காட்டுவதிலிருந்து சொல்வதற்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது போதும்.

இந்தத் தாளை யார் பார்க்கலாம்? எழுதியவர், இயக்குநர், படத்தொகுப்பாளர். நடிகருக்கு முழுத் தாளையும் கொடுக்க வேண்டாம், ஆனால் அவருடைய பாத்திரம் எதை நம்புகிறது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். "தெரியாத மாதிரி நடியுங்கள்" என்றால் வெறுமையான முகம்தான் கிடைக்கும். அம்மாவாக நடித்தவரிடம் "அவர் உயிரோடு இருக்கிறார், உங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை" என்று சொன்ன பிறகுதான் எங்கள் கடைசிக் காட்சி சரியாக வந்தது.

3. காணாமல் போனவரின் கதை என்றால் இங்கே நில்லுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. நம் பார்வையாளர்களில் பலருடைய வீட்டில் இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. நீங்கள் கடைசிப் பகுதியில் திறந்துவிடும் அதே கேள்வியோடு அவர்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் ஆவணங்களையும் பொருட்களையும் சரியாகத் தெரிந்து பயன்படுத்துங்கள்.

இலங்கையில் 2016இல் இறப்புப் பதிவு தொடர்பான சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி ஒருவரைக் காணவில்லை என்றால், அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவர் இல்லாதிருப்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைக் குடும்பம் பெறலாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான். உங்கள் காட்சியில் மேசைமேல் ஒரு இறப்புச் சான்றிதழ் கிடந்தால் முடிவு மூடியாயிற்று, வசனம் எதுவும் தேவையில்லை. மற்றச் சான்றிதழ் கிடந்தால் திறந்தே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் கலைப் பொறுப்பாளர் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு படிவத்தை அச்சடித்து வைத்தால், வித்தியாசம் தெரிந்த பார்வையாளருக்கு அது கோபத்தைத்தான் தரும்.

அப்பாவின் படத்துக்கு மாலை, குங்குமம், விளக்கு எல்லாம் இதே கணக்குத்தான். சுவரில் படம் மட்டும் என்றால் உயிரோடு, மாலை போட்டால் இல்லை. அம்மாவின் நெற்றியையும் தாலியையும் ஒவ்வொரு காட்சியிலும் சரிபாருங்கள். தொடர்ச்சிக் குறிப்பு எழுதுபவரிடம் இதற்கென்று தனி நிரல் ஒன்று கொடுங்கள்.

உண்மையான யாருடைய படத்தையும் சுவருக்குப் பயன்படுத்த வேண்டாம். நடிகரின் பழைய படம் போதும். படப்பிடிப்புக்கு முன்னர் இப்படியான வீட்டிலிருந்து வந்த ஒருவர் திரைக்கதையை வாசிக்கச் சம்மதித்தால் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்ன காட்சியை நீக்கிவிடுங்கள். நாங்கள் ஒரு காட்சியை அப்படித்தான் நீக்கினோம், அதற்குக் காரணம் கேட்கவும் இல்லை.

4. வசனத்தில் காலத்தைக் கவனியுங்கள்

"அப்பாவுக்குச் சீனி போடாத கோப்பிதான் விருப்பம்" என்று சொல்பவருக்கு அப்பா இருக்கிறார். "விருப்பமா இருந்தது" என்று சொல்பவருக்கு அவர் போய்விட்டார். இதை எழுதும்போது நாம் கவனிப்பதில்லை, பார்ப்பவர் காது பிடித்துக்கொள்ளும். இதைத் தடையாக நினைக்காமல் கருவியாக எடுங்கள். யார் யார் எந்தக் காலத்தில் பேசுவது என்று உண்மைத்தாளில் எழுதி வையுங்கள். எங்கள் கதையில் அம்மா நிகழ்காலத்தை விடவே மாட்டாள், மகன் கடந்த காலத்துக்குப் போய்விட்டான், மகள் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறாள்.

சப்டைட்டிலிலும் ஆபத்து உண்டு. பேசுபவர் பெயரை அடைப்பில் போடும் பழக்கம் இருந்தால், இருட்டில் கேட்கும் குரலுக்கு மேலே "அப்பா" என்று எழுத்து வரும். கோப்பை ஏற்றுமுன் கடைசிப் பத்து நிமிடத்தின் சப்டைட்டிலை நீங்களே வரிவரியாக வாசியுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுகிறீர்கள் என்றால் மொழிபெயர்ப்பவருக்கு 'மூடக்கூடாத வரிகள்' என்று ஒரு சிறு பட்டியல் கொடுங்கள். "ஆரோ வந்திட்டுப் போயிருக்கினம்" என்பது ஆங்கிலத்தில் ஒரு ஆணாக மாறி நிற்பதை நாங்கள் கடைசி நேரத்தில்தான் கண்டோம்.

5. கேம் என்றால் வேறு கணக்கு

பல முடிவுகள் இருப்பது வேறு, ஒரு முடிவு திறந்திருப்பது வேறு. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள். கடைசியில் இரண்டு பொத்தான்கள் வைத்து, ஒன்றை அழுத்தினால் அப்பா வருகிறார், மற்றதை அழுத்தினால் வரவில்லை என்றால், விளையாடுபவர் பழைய 'சேவ்' கோப்பைத் திறந்து இரண்டையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அவருக்குக் கேள்வியே மிஞ்சாது.

செய்யக்கூடியது என்ன? தெரிவை அவரிடம் கொடுங்கள், அதன் விளைவைக் காட்டாதீர்கள். அல்லது தெரிவு நடப்பதே தெரியாமல் செய்யுங்கள். 2001இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' இதை அருமையாகச் செய்தது. நாயகன் ஜேம்ஸ் காயத்தோடு அலட்சியமாக அலைந்தானா, வழியில் சந்திக்கும் ஆஞ்செலா என்ற பெண்ணின் கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தானா என்பதையெல்லாம் கேம் சத்தமில்லாமல் கணக்கெடுத்து, அதற்கேற்ற முடிவைத் தந்தது. தன் மனநிலைதான் முடிவைத் தீர்மானித்தது என்பது விளையாடியவருக்கு அந்த நேரத்தில் தெரியாது.

மென்பொருளுக்குச் செலவில்லை. ட்வைன், இங்க், ரென்பை, கொடோ எல்லாம் இலவசம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவும் இலவசம். ஆனால் தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கொடோவின் 3ஆம் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறும், 4ஆம் பதிப்பில் சரியாக வரும். "கொழும்பு" என்று ஒரு சொல்லை மட்டும் திரையில் போட்டுப் பாருங்கள், பிரச்சினை இருந்தால் உடனே தெரிந்துவிடும். கதை முழுவதையும் ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் மென்பொருளையே மாற்ற வேண்டி வரும்.

முடிவை வெளியே விடும் சின்ன ஓட்டைகள் சில உண்டு. கோப்புப் பெயர்கள்: விளையாடுபவர்கள் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பார்கள், அங்கே 'அப்பா_சடலம்' என்று ஒரு படம் இருந்தால் எல்லாம் போச்சு. பயன்படுத்தாமல் விட்ட படங்களையும் குரல்களையும் வெளியிடும் பதிப்பிலிருந்து அழித்துவிடுங்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில், விளையாடுபவருக்குக் கிடைக்கும் சாதனைகளின் பெயர்களைக் கேம் வாங்காதவர்களும் வாசிக்கலாம், அதனால் அங்கே கதை சொல்லாதீர்கள். கடைசிக் காட்சிக்கு நேர் முன்னால் தானாகச் சேவ் ஆகும் இடம் வைக்க வேண்டாம், ஒரு அத்தியாயம் முன்னால் வையுங்கள்.

6. கடைசி நிமிடத்தைத் திரைக்குத் தகுந்தபடி அமையுங்கள்

2007 ஜூன் 10இல் 'த சொப்ரானோஸ்' தொடர் ஒரு பாட்டின் நடுவில் வெட்டுப்பட்டு, பத்து விநாடியளவு கறுப்புத் திரையும் மௌனமுமாக முடிந்தது. கேபிள் அறுந்துவிட்டது என்று நினைத்தவர்கள் பலர். அங்கே பெரிய டிவியில் பார்த்தவர்களுக்கே அப்படி. இங்கே உங்கள் தொடரைப் பஸ்ஸில், போனில், முடியப் போகும் டேட்டாவில் பார்க்கிறார்கள். திடீர்க் கறுப்பைப் பார்த்ததும் போனைத்தான் தட்டுவார்கள். கறுப்பு வேண்டும் என்றால் படத்தை முதலில் வெட்டுங்கள், பின்னணிச் சத்தம் சில விநாடி ஓடட்டும், பிறகு அதையும் நிறுத்துங்கள். காட்சி வேண்டுமென்றேதான் முடிந்தது என்பது அப்போது புரியும்.

யூடியூபில் வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடிகளில் அடுத்த வீடியோக்களுக்கான பெட்டிகளைப் போடலாம். அவை உங்கள் கடைசி முகத்தின் மேல் வந்து குந்தும். திறந்த முடிவுள்ள பகுதிக்கு அவற்றை நிறுத்துங்கள், அல்லது பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்துக்குப் பின்னால் 20 விநாடி வெறும் திரை விடுங்கள்.

எழுத்தோட்டத்துக்குப் பின்னால் அழகுக்காகக்கூட எந்தப் படமும் போடாதீர்கள். 2010 மே 23இல், விமான விபத்தில் தப்பித் தீவில் சிக்கியவர்களைப் பற்றிய 'லொஸ்ட்' தொடர் முடிந்தபோது தொலைக்காட்சி நிறுவனம் எழுத்தோட்டத்தின் கீழே கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவுகளைக் காட்டியது. கதையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லோரும் முதல் நாளே விபத்தில் செத்துப்போனார்கள் என்று ஏராளமானோர் அதை வைத்து முடிவு கட்டினார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

அனுமதிகள்: கடைசி ஷொட்டில் ட்ரோன் மேலே போக வேண்டும் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். ரயில் நிலையத்தில் எடுப்பதானால் ரயில்வே திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக் கட்டணமும் கட்ட வேண்டும். படப்பிடிப்புத் தேதியைக் குறிக்க முன்னரே கடிதங்களைக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தோடு கதைச் சுருக்கம் கேட்டால் அந்த இடத்தில் கமரா பார்ப்பதை மட்டும் எழுதினால் போதும்: "ஒரு பெண் மேடையில் நின்று ரயிலைப் பார்க்கிறாள்." அதில் பொய்யும் இல்லை, முடிவும் வெளியே போகாது.

"இரண்டு முடிவையும் எடுத்து வைப்போம், எடிட்டில் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இன்னொரு நாள் நடிகர் சம்பளம், வான், சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் இரட்டிப்பாகும். அதைவிட மோசமானது, எடுத்த காட்சி ஒன்று கையில் இருந்தால் அதை எங்கேயாவது போடச் சொல்லி யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

7. ஒப்பந்தத்தில் ஒரு வரி

எங்கள் தொடரைப் பார்த்த ஒரு தொலைக்காட்சி நிலையம், கடைசியில் அப்பா வாசலில் வந்து நிற்பதுபோல் ஒரு காட்சி சேர்த்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. நாங்கள் சம்மதிக்கவில்லை, விற்பனையும் நடக்கவில்லை. நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் அதைக் கூட்டத்தில் உட்கார்ந்து எடுக்காமல் முதலே எடுத்து வையுங்கள். "எழுதியவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் முடிவைச் சேர்க்கவோ வெட்டவோ மாற்றவோ கூடாது" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 'மாஸ் எஃபெக்ட் 3' கேம் 2012 மார்ச்சில் வந்து, முடிவுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும், ஜூனில் விளக்கக் காட்சிகள் சேர்த்து இலவசமாக மறுபடி கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நெருக்கடி வந்தது.

இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணத்திலேயே அது உங்களுடையது. ஆனால் எப்போது எழுதினீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். திரைக்கதையின் ஒவ்வொரு பதிப்பையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருங்கள். குழுவில் இருவர் எழுதினால் யார் எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், நண்பர்களாக இருந்தாலும்.

8. காட்டிப் பாருங்கள், ஆனால் தனித்தனியாக

ஒரு கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டால், வயதில் மூத்தவர் ஒரு கருத்தைச் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள், பேச முன்னர் எழுதச் சொல்லுங்கள். போட்டோக்கொப்பிச் செலவு மட்டும்தான்.

"பிடித்ததா?", "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள். இரண்டு கேள்வி போதும்: அப்பாவுக்கு என்ன ஆனது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? எல்லோரும் ஒரே பதிலை எழுதினால் முடிவு திறந்தில்லை, உண்மைத்தாளில் கனத்துப்போன தடயத்தைத் தேடுங்கள். "தெரியாது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் தடயம் போதவில்லை. ஒருவர் கண்ணாடியைச் சொல்லி, இன்னொருவர் பாஸ்போர்ட்டைச் சொல்லி எழுதியிருந்தால் அந்தப் பதிப்பைத் தொடாதீர்கள்.

டெலிடிராமா பார்த்துப் பழகிய அம்மாமார் சிலரையும் கட்டாயம் சேருங்கள். கேம் விளையாடும் பொடியன்கள் தவறவிட்ட மூன்று விஷயங்களை ஒரு அன்ரி முதல் தடவையிலேயே பிடித்தார்.

9. வெளியிடும் செலவும் நாட்களும்

ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் 100 அமெரிக்க டொலர் கட்டணம். கேம் 1,000 டொலர் சம்பாதித்த பிறகு அதைத் திருப்பித் தருவார்கள். பணம் கட்டி 30 நாள் கழியாமல் வெளியிட முடியாது, 'விரைவில்' பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். இங்கே நம்மவர்கள் மாட்டும் இடம் பெயர்தான். வங்கியில் தலைப்பெழுத்தோடு சுருக்கமாக ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து இன்னொரு பெயர் என்றிருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். வங்கிக்குப் போய் முழுப்பெயரைச் சரிசெய்த பிறகே பதிவு செய்யுங்கள். டெபிட் கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கூகுள் பிளேக்கு ஒரே தடவை 25 டொலர். புதிய தனிநபர்க் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரும் உங்கள் முடிவை முதலே பார்க்கப் போகிறவர்கள், ஆளை யோசித்துத் தெரிவு செய்யுங்கள். சிறு கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் கட்டணமே இல்லை, விற்பனையில் அவர்களுக்கு எத்தனை வீதம் என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். முதல் கேமுக்கு நான் இட்ச்சைத்தான் சொல்வேன்.

தொடரின் கடைசிப் பகுதியை போயாவோடு சேர்ந்து வரும் வார இறுதிக்கு முதல் நாள் மாலை போடுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது பார்த்தால்தான் அங்கேயே வாதம் கிளம்பும்.

10. கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

முழுக் குழுவும் சொல்ல ஒரே ஒரு வாக்கியத்தை முதலே எழுதி வையுங்கள். எங்களுடையது: "நாங்கள் தெரிந்தே இப்படி முடித்தோம், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்." கமராப் பொடியனிலிருந்து அம்மாவாக நடித்தவர் வரை இதைத்தான் சொல்ல வேண்டும், வானொலி நேர்காணலிலும் கல்யாண வீட்டிலும்.

யூடியூபில் கருத்துகளுக்கு நீங்கள் போடும் இதயக் குறி உங்கள் சனலின் படத்தோடு எல்லோருக்கும் தெரியும். 'அ' வாசிப்பு எழுதிய ஒருவருக்கு அதைப் போட்டால் பதிலைச் சொன்ன மாதிரித்தான். கடைசிப் பகுதியின் கீழே யாருக்கும் இதயம் போட வேண்டாம், எந்தக் கருத்தையும் மேலே 'பின்' செய்து வைக்கவும் வேண்டாம். சனலின் கடவுச்சொல் குழுவில் பலரிடம் இருந்தால் அந்த வாரம் மட்டும் ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.